உடுப்புக்கு மேல் உடுப்பு

பரந்தன் சந்தியில் வெயில் ஏற முந்தியே உடம்பு பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். அந்த வெக்கைக்குள் நான் ஒரு பெரிய பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன். பைக்குள் இரண்டு பெனியன், ஒரு முழுக்கைச் சட்டை, கம்பளிச் சுவெற்றர், காலுக்குத் தடித்த மேஸ் இரண்டு சோடி, காதை மூடுகிற தொப்பி எல்லாம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்தில் நின்ற ஒரு ஐயா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை கனடாவுக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, பூநகரிக்கு."

அவர் சிரிக்கவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூநகரிக் கரையோரம் மீன், நண்டு, இறால் எல்லாம் வாங்கி, சுத்தம் செய்து, உறைய வைத்து அனுப்புகிற தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. எங்களுக்கு முரசுமோட்டையில் வயல் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகம் கைவிட்டுப்போன ஒரு வருடம்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலைக்கு எடுத்த சுப்பவைசர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குளிர் தாங்குவீங்களோ தங்கச்சி?"

"தெரியாது சேர். இன்னும் குளிரைக் காணேல்லை."

"அப்ப வாங்கோ, காட்டிறன்."

அவர் இரண்டு அறைகளைக் காட்டினார். ஒன்று உறைந்த பெட்டிகளை அடுக்கி வைக்கிற பெரிய களஞ்சியம். மற்றது அதைவிடச் சின்னது. பச்சை மீனைத் தட்டுகளில் பரப்பி அதற்குள்தான் உறைய வைப்பார்கள். சுவர் உயரத்துக்கு விசிறிகள் பூட்டியிருக்கும். அவை சுழன்றால் உள்ளே அடிக்கிற காற்றில் மீன் கல்லாகிவிடும். அதை நாங்கள் பிளாஸ்ட் ரூம் என்போம். விசிறி ஓடுகிற நேரம் ஆள் உள்ளே போகக் கூடாது. விசிறியை நிறுத்திவிட்டு, உறைந்த தட்டுகளை எடுத்துக் களஞ்சியத்துக்கு மாற்றுவதுதான் எங்கள் வேலை.

முதல் நாள் உள்ளே காலை வைத்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து ஊசியாய்க் குத்தியது. கண் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டின. எனக்குப் பயம் பிடித்தது அதனால் இல்லை, சத்தம் நின்றதனால். கதவு சாத்தியதும் காகம் இல்லை, லொறி இல்லை, வெளியே மேசையில் நின்று கதைக்கிற பெண்களின் கதை இல்லை. ஆரோ எல்லாவற்றையும் ஒரு வாயால் விழுங்கின மாதிரி. மூச்சு விட்டால் அது முகத்துக்கு முன்னால் வெள்ளையாய்த் தொங்கி, கொஞ்ச நேரம் கலையாமல் நின்றது. தட்டுகளில் மீன்கள் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. கண்களில் வெள்ளை பூத்திருந்தது. நான் அவற்றுக்கு முதுகைக் காட்டாமல் வேலை செய்தேன்.

உடுப்புப் போடுவதும் ஒரு வேலைதான் என்று அங்கே விளங்கியது. எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வன்னியில் மார்கழிப் பனிக்கு ஒரு துவாயைத் தலையில் சுற்றினால் போதும். ஒவ்வொருவரும் நடுங்கி நடுங்கித்தான் பழகினோம். எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய உடுப்பு, உடம்போடு ஒட்டி. அதற்கு மேலே கொஞ்சம் தளர்வாய் ஒன்று. அதற்கு மேலே கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே தொழிற்சாலை தருகிற தடித்த நீல ஜக்கெற். இறுக்கிப் போட்டால் குளிரும். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் காற்று நிற்க இடம் வேண்டும். மேஸுக்கு மேலே ஒரு பொலித்தீன் பை, அதற்கு மேலே இன்னொரு மேஸ், பிறகு பூட்ஸ். எங்கள் செருப்புகளை அறைக் கதவுக்கு வெளியே வரிசையாய் விட்டுவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டுவோம். ரப்பர் கையுறைக்குள்ளே ஒரு பருத்திக் கையுறை.

எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளே இருக்கிற உடுப்பு காய்ந்திருக்க வேண்டும். வெளியே வெக்கைக்குள் நின்று இதையெல்லாம் போட்டால் வேர்த்துவிடும். வேர்வையோடு உள்ளே போனால் அந்த ஈரம் உடம்பைப் பிடித்துத் தின்னத் தொடங்கும். அதனால் கதவு வாசலில் நின்று, கடைசி நேரத்தில், அவசரம் அவசரமாய்ப் போடுவோம்.

போட்டு முடித்தால் ஆளை அடையாளம் தெரியாது. கண் மட்டும்தான் வெளியே தெரியும். மெலிந்தவளும் தடித்தவளும் ஒரே அளவு. ஊரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டோம். என்னை "முரசுமோட்டை" என்பார்கள். என்னோடு எப்போதும் உள்ளே வருகிறவ அக்கராயன் அக்கா.

அக்கராயன் அக்காவுக்கு என்னைவிட எட்டுப் பத்து வயது கூட இருக்கும். தமையன் குடும்பத்தோடு இருந்தா. தமையனின் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிவரை வந்து பஸ் ஏறுவா. தனக்கு அடுத்த சீற்றை என்றைக்கும் எனக்காகப் பையை வைத்துப் பிடித்து வைத்திருப்பா. நிறையக் கதைக்க மாட்டா. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தன் கறியில் பாதியைக் கேட்காமலே என் பெட்டிக்குள் போட்டுவிடுவா.

கம்பளி உடுப்புகளை நாங்கள் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கினோம். அங்கே ஒரு முஸ்லிம் நானா தரையில் படங்கு விரித்து, வெளிநாட்டிலிருந்து மூட்டையாய் வருகிற பழைய உடுப்புகளைக் குவித்து வைத்திருப்பார். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். சின்ன வயதில் ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பி வந்தவர். நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் குவியலைக் கிளறினோம். அக்கா ஒரு மரூன் நிறச் சுவெற்றரை இழுத்து எடுத்தா. நல்ல தடிப்பு. ஒரு முழங்கையில் கிழிந்த இடத்தை வேறு நிற நூலால் ஆரோ மிக நுணுக்கமாய்ப் பின்னியிருந்தார்கள். முகர்ந்து பார்த்தா. பூட்டி வைத்த அலுமாரியின் மணம் வந்தது.

"இது ஆரின்ர உடுப்பு நானா?" என்று கேட்டா.

"அதை நான் கேக்கிறேல்லை தங்கச்சி. சிலது வேண்டாமெண்டு கழிச்சது. சிலது ஆள் மோசம் போனாப் பிறகு வீட்டுக்காரர் குடுத்தது. எல்லாம் ஒரே மூட்டையிலதான் வரும். சுடுதண்ணியில தோய்ச்சுப் போடுங்கோ."

அக்கா அதைத் திருப்பி வைப்பா என்று நினைத்தேன். வாங்கினா. "செத்த ஆளிண்டையோ உயிரோட இருக்கிற ஆளிண்டையோ, தைச்ச கை நல்ல கை" என்று மட்டும் சொன்னா.

ஒருநாள் மத்தியானம் வேலை முடித்து, உடுப்பு மாற்றுகிற அறையில் ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தோம். புதிதாய் வந்த ஒருத்தி தன்னைத்தானே பார்த்து, "என்னக்கா இது, வெங்காயம் உரிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் மேஸைக் கழற்றியபடி, குனிந்த தலை நிமிராமல் சொன்னா:

"நான் இதைவிடக் கூடப் போட்டுக்கொண்டு நடந்தனான். சித்திரை வெயிலுக்குள்ள."

சிரிப்பு நின்றுபோனது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. கடைசிச் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகும்போது, பைகளைத் தூக்க ஏலாது என்று ஒரு கட்டம் வந்தது. கை சும்மா இருக்க வேண்டும், பிள்ளையைத் தூக்க, ஓட, விழுந்து படுக்க. அதனால் இருக்கிற உடுப்பை எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாய் உடம்பிலேயே போட்டுக்கொள்வோம். என் அம்மாவும் எனக்கு மூன்று சட்டையும் இரண்டு பாவாடையும் போட்டுவிட்டு, "கழட்டாதை, கழட்டினா விட்டிட்டு வந்திடுவாய்" என்றா. அந்த வேர்வை நாற்றம் எனக்கு இன்னும் தெரியும். கடைசியாய்ச் சண்டைக்குள் இருந்து வெளியேற நீரேரித் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபோது அத்தனையும் ஊறி, என்னை ஆரோ கீழே இருந்து பிடித்து இழுக்கிற மாதிரிப் பாரமாய் இருந்தது.

அக்கா கழற்றிய மேஸை உதறிப் பைக்குள் வைத்தா. மிச்சத்தை நாங்கள் கேட்கவில்லை. அப்படி அரைவாசியில் விடுகிற கதைகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்களோடு வேலை செய்த ஒருத்தியின் தகப்பன் முதல் நாள் மோசம் போய்விட்டார். பாதிக்கு மேலானவர்கள் செத்தவீட்டுக்குப் போய்விட்டார்கள். சுப்பவைசரும் போய்விட்டார். சோழகக் காற்றுப் பிடித்த காலம், வள்ளங்களும் அதிகம் போகவில்லை. முற்றம் முழுக்க வெறிச்சென்று கிடந்தது. மிச்சம் இருந்த நாலைந்து பேரும் மத்தியானம் சாப்பிடப் போன நேரம், பிளாஸ்ட் ரூமில் இருந்த கடைசித் தட்டுகளை மாற்றிவிட்டுச் சாப்பிடுவோம் என்று நானும் அக்காவும் நின்றோம்.

நான் வாசலில் நின்று வழமைபோல் எல்லாவற்றையும் காய்ந்ததாய்ப் போட்டேன். அக்கா அதுவரை வெளியே வெற்றுத் தட்டுகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு நின்றவ. சட்டை தோள்வரை நனைந்திருந்தது. அதற்கு மேலேயே அந்த மரூன் சுவெற்றரையும் ஜக்கெற்றையும் மாட்டிக்கொண்டு வந்தா.

"அக்கா, உள் உடுப்பை மாத்திப்போட்டு வாங்கோ."

"அஞ்சு நிமிச வேலை. இதுக்கு ஏன் மாத்துவான்? நடவும்."

கொஞ்சம் முன்னர் கரண்ட் போயிருந்தது. விசிறிகள் நின்றிருந்தன. கதவு சாத்தாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இடையில் வைத்துவிட்டு உள்ளே போனோம். கதவால் வருகிற வெளிச்சத்தில் தட்டுகளை இறக்கத் தொடங்கினோம். திடீரென்று வெளியே ஜெனரேற்றர் உறுமியது. ஆரோ நாங்கள் உள்ளே நிற்பது தெரியாமல் போட்டிருக்க வேண்டும். உள்ளே குழல் விளக்கு மினுங்கி எரிந்தது. அதோடு விசிறிகள் எல்லாம் ஒன்றாய்ச் சுழன்றன. காற்றிடம் அப்படி ஒரு அடியை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. கதவு பெட்டியை உரசித் தள்ளிவிட்டுப் படீரென்று சாத்திக்கொண்டது.

உள்ளே இருந்து கதவைத் திறக்க ஒரு தள்ளுகம்பி இருந்தது. அதில் ஐஸ் பிடித்து இறுகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை. பக்கத்தில் மணிச் சுவிட்ச் இருந்தது. அமத்தினேன். வெளியே மணி அடித்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் ஒருவரும் வரவில்லை. போன்கள் உடுப்பு மாற்றுகிற அறையில் கிடந்தன. ஒரு தட்டை எடுத்துக் கதவில் அடித்தேன். அடிக்கிற சத்தம் எனக்கே மங்கலாய்த்தான் கேட்டது. விசிறியின் இரைச்சலும் வெளியே ஜெனரேற்றரின் இரைச்சலும் அதைத் தின்றுவிட்டன.

"வருவினம்" என்றா அக்கா. "சாப்பிட்டு முடிய வருவினம். நில்லாமல் நடவும். கையைக் காலை ஆட்டும்."

நடந்தோம். அந்தச் சின்ன இடத்தில், தட்டுகளை அடுக்குகிற ராக்கைகளுக்கு நடுவில், வட்டம் வட்டமாய். காற்று நேராய் அடிக்காத ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அங்கே கொஞ்ச நேரம் நெருங்கி நின்றோம். பிறகு மறுபடி கதவுக்குப் போய் அடித்தேன். அக்காவின் பற்கள் அடிக்கிற சத்தம் விசிறிச் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது. உதடு ஊதா நிறமாய் மாறியது. நான் தோளைத் தேய்த்துவிட்டேன். ஜக்கெற்றுக்குக் கீழே அந்த நனைந்த சட்டை மட்டை மாதிரி விறைத்துப்போயிருந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அக்காவின் நடுக்கம் நின்றது. எனக்கு நிம்மதியாய் இருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நான் கதவில் அடித்துவிட்டுத் திரும்பியபோது, அக்கா தலையில் சுற்றியிருந்த சால்வையை அவிழ்த்துக்கொண்டிருந்தா. அவிழ்த்து, நாலாய் மடித்து, ராக்கையில் ஒரு தட்டின் மேலே, உறைந்த மீன்களுக்கு மேலே, பக்குவமாய் வைத்தா. பிறகு கையுறை. ஒன்றின் மேல் ஒன்றாய்ச் சேர்த்து வைத்தா.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"வெக்கையாக் கிடக்கு."

"என்ன வெக்கை? போடுங்கோ!"

அவ என்னைப் பார்த்துச் சிரித்தா. அந்தச் சிரிப்பு நான் முன்னர் ஒருநாளும் அவவின் முகத்தில் பார்த்திராதது. நிம்மதியான, வீட்டு வாசலில் வந்து நிற்கிற ஆளின் சிரிப்பு.

"வந்திட்டம் தங்கச்சி. இனிக் கழட்டலாம்."

ஜக்கெற்றின் சிப்பை இழுத்தா. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். தள்ளிவிட்டா. கல்லால் செய்த கை மாதிரி இருந்தது. நான் நிலத்தில் வழுக்கி விழுந்து எழும்புவதற்குள் ஜக்கெற் கழன்றுவிட்டது. அதையும் உதறி, சுருக்கம் நீவி, மடித்து வைத்தா. சரசரவென்று அவசரப்படவில்லை. பிள்ளைகளின் உடுப்பை மடிக்கிற தாயைப்போல, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தா. விசிறி அப்படி அடிக்கிறது, அந்த மடித்த உடுப்புகளில் ஒரு மூலையும் அசையவில்லை.

"அக்கா, இது பக்டரி. பிளாஸ்ட் ரூம். நான் முரசுமோட்டை. பாருங்கோ என்னை."

அவ என்னைப் பார்க்கவில்லை. மரூன் சுவெற்றரைத் தலைவழியே கழற்றினா. கழற்றியதை மடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு, என் தோளுக்கு மேலால், என் பின்னால் எதையோ பார்த்தா. முகம் இரங்கியது.

"ஐயோ, முழுக்க நனைஞ்சு போனியள்" என்றா. "இந்தாங்கோ. இதைப் போடுங்கோ."

அது எனக்குச் சொன்னதில்லை. என்னை அவ "நீர்" என்றுதான் சொல்லுவா, "நீங்கள்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கையை நீட்டினா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். என் பின்னால் ராக்கையும் விசிறியும் மட்டும்தான் இருந்திருக்கும். ஆனால் என் கழுத்து திரும்பவில்லை. அந்த நேரத்தில் என் முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றது. விசிறிச் சத்தம் அப்படியே இருந்தது. காற்று மட்டும் இல்லை, இடையில் ஏதோ வந்து மறைத்தது மாதிரி. பிறகு மறுபடி அடித்தது.

நான் என் ஜக்கெற்றைத் திறந்தேன். அக்காவை இழுத்து நெஞ்சோடு அணைத்து, ஜக்கெற்றால் இரண்டு பேரையும் மூடிக்கொண்டு மூலையில் குந்தினேன். கைக்கு எட்டிய தட்டுகளின் மீனைக் கொட்டிவிட்டு, அவற்றை எங்களைச் சுற்றிச் சாய்த்து வைத்தேன். அவவின் உடம்பிலிருந்து குளிர் எனக்குள் இறங்கியது. இடைக்கிடை எழும்பப் பார்த்தா. நான் விடவில்லை. அவவின் காதுக்குள், எனக்கு ஞாபகம் வந்த எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளின் பள்ளிக்கூடக் கதை, வயலில் பன்றி இறங்கிய கதை, வாய்க்கு வந்த தேவாரம். என் நாக்கு தடித்து, சொற்கள் குழறத் தொடங்கின. பிறகு எனக்கும் இதமான ஒரு சூடு பரவுகிற மாதிரி இருந்தது. ஒரு கையைக் கையுறையிலிருந்து இழுத்து எடுத்தேன். எடுத்த பிறகுதான், நானும் கழற்றத் தொடங்குகிறேன் என்று விளங்கியது. அந்தக் கையை வாயில் வைத்துக் கடித்தேன்.

கதவைத் திறந்தது ஐஸ் ஏற்ற வந்த லொறிச் சாரதி. முற்றத்தில் ஒருவரையும் காணாமல் தேடி வந்தவர், பிளாஸ்ட் ரூம் வாசலில் இரண்டு சோடிச் செருப்புக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். உள்ளே விசிறி ஓடுகிறது, வெளியே செருப்புக் கிடக்கிறது, இது சரியில்லையே என்று இழுத்துத் திறந்திருக்கிறார். வெளிச்சமும் வெயிலும் பனிப்புகையும் ஒன்றாய்க் கலந்து வந்ததுதான் எனக்குத் தெரியும். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வந்து என்னை இழுத்து வெளியே கிடத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கதவை உடனே சாத்தவில்லை. நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, சற்று ஒதுங்கி, உள்ளே பார்த்தபடி நின்றார். பின்னால் வருகிற ஒருவருக்கு வழி விட்டு நிற்கிற மாதிரி. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் சாத்தினார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் எங்களை மெல்ல மெல்லச் சூடாக்கினார்கள். என்னை இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அக்கா அதிக நாள் இருந்தா. வலது காலில் இரண்டு விரல் நுனி கறுத்து, எடுக்க வேண்டி வந்தது. ஆனால் பிழைத்தா. அங்கே இருந்த ஒரு டொக்டர், சின்னப் பெண், என் கட்டிலில் வந்து இருந்து விளக்கமாய்ச் சொன்னா. குளிர் உடம்புக்குள் ஆழமாய் இறங்கும்போது, உள்ளே அடக்கி வைத்த இரத்தம் திடீரென்று தோலுக்குப் பாயுமாம். அப்போது உடம்பு எரிகிற மாதிரி இருக்குமாம். மூளையும் மயங்கிவிடும். பனி நாடுகளில் குளிரில் செத்துக் கிடக்கிறவர்கள் சிலர் உடுப்பைக் கழற்றியபடிதான் கிடப்பார்களாம்.

"பயப்படாதீங்கோ. அவாவைப் பேய் ஒண்டும் பிடிக்கேல்லை. இது உடம்பின்ர வேலை" என்றா.

எனக்கு அழுகை வந்தது. அந்தச் சிரிப்பை உடம்பின் வேலை என்று ஒருவர் சொன்னது பெரிய ஆறுதலாய் இருந்தது.

அடுத்த கிழமை தொழிற்சாலையிலிருந்து அக்காவின் உடுப்புகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். சால்வை, கையுறைகள், ஜக்கெற். மடித்தது மடித்தபடி இருந்தன. மரூன் சுவெற்றர் இல்லை. விசாரித்தேன். அந்த அறையை நிறுத்தி, ஐஸ் முழுக்க உருக விட்டு, ராக்கைகளை வெளியே எடுத்து, கதவையும் கம்பியையும் மாற்றி, தரையைக் கழுவியிருக்கிறார்கள். சுவெற்றரை ஒருவரும் காணவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது அது அக்காவின் உடம்பிலும் இல்லை. ஆரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றார்கள். முழங்கை கிழிந்த ஒரு பழைய சுவெற்றரை இந்த ஊரில் எவர் எடுப்பார்?

வார்டில் அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, அந்த மரூன் சுவெற்றர் எங்கை எண்டு தெரியுமோ?"

"குடுத்திட்டன்" என்றா, வெகு சாதாரணமாய்.

"ஆருக்கு?"

"அங்கை நிண்டவாக்கு. நனைஞ்சு போய் நிண்டா. ஒரே ஒரு சட்டைதான் போட்டிருந்தவா."

"ஆர் அக்கா அவா? தெரிஞ்ச ஆளோ?"

அக்கா கொஞ்சம் யோசித்தா. "தெரியேல்லை. அண்டைக்கு எத்தினை பேர் தண்ணிக்குள்ளால வந்தவை. ஆரெண்டு பாக்கிறது?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் அழுத பிள்ளையைப் பார்க்கத் திரும்பினா.

லொறிச் சாரதியையும் பிறகு ஒருநாள் தேநீர்க் கடையில் கண்டேன். நன்றி சொல்லிவிட்டு, கதவை ஏன் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியேல்லைத் தங்கச்சி. நானும் பிறகு யோசிச்சனான். ஆரும் வருவினம் எண்ட மாதிரி இருந்திச்சு" என்றார். அவருடைய தேநீருக்கும் நானே காசு கொடுத்தேன்.

அக்கா வேலைக்குத் திரும்பி வரவில்லை. நான் திரும்பிப் போனேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள், ஆனால் மகளின் படிப்பு இருந்தது, அடுத்த போகத்தின் நிலைமை தெரியாது. இப்போது உள்ளே இருந்து அமத்தினால் வெளியே மணி அடிக்கிறது. கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிகிறது. ஆள் உள்ளே போனால் வெளியே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். நான் உள்ளே போய் வேலையைத் தொடங்க முன், ராக்கைகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் ஊரைச் சொல்லிக் கூப்பிடுவேன். "ஓம்" என்று குரல் வந்த பிறகுதான் கையை வைப்பேன். புதிதாய் வந்த பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். போன வருடம் ஒருநாள், நீல ஜக்கெற்றோடு ஒரு உருவம் கடைசி ராக்கையில் குனிந்து நின்றது. "பூநகரி?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு ஊரைச் சொன்னேன். பதில் இல்லை. நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து, வெளியே நின்றவளிடம், தலை சுற்றுகிறது என்று சொன்னேன். உள்ளே வேறு ஆரும் நிற்கிறார்களா என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

அந்த வருடம் மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் அக்கராயனுக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். மழை விட்டு வெயில் எறித்திருந்தது. குளத்து நீர் வாய்க்காலில் நிறைந்து ஓடியது. அக்கா தமையனின் வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்றா. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, முழங்கால்வரை ஏத்திக் கட்டிய பாவாடை. வெறுங்கால். விரல் நுனி இல்லாத காலைச் சேற்றுக்குள் நன்றாய் ஊன்றி நின்றா. என்னைக் கண்டதும் கரைக்கு வந்து, கையைப் பாவாடையில் துடைத்தா.

"இப்ப குளிரேக்கையும் இதுதான் போடுறா" என்று தமையன் மனைவி என்னிடம் முறையிட்டா. "மார்கழி விடியக்காலையிலயும் ஒரு சட்டைதான். போர்வை போத்தினா இழுத்து எறியிறா. சொல்லிப் பாருங்கோவன்."

நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா சிரித்தா. பழைய, பாதிச் சிரிப்பு.

"எனக்கு ஒண்டு போதும் தங்கச்சி" என்றா.

குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. தன் பங்குப் பணியாரத்தையும் என் தட்டில் வைத்தா. வேலையைப் பற்றிக் கேட்டா, புதிதாய் ஆர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டா. கடைசி ராக்கையில் நின்ற உருவத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அவவின் முகத்தைப் பார்த்தபோது அது தேவையில்லை என்று பட்டது. வெளிக்கிடும்போது முற்றத்தில் வெயில் பட்டுக் கிடந்த ஒரு பூசணிக்காயைத் தூக்கி என் கையில் தந்தா. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பரந்தனில் இறங்கும்போதும் அது சூடாய்த்தான் இருந்தது.